அடுக்கு மூப்பர்

எந்தச் சபையிலும் ஒருவர் இருப்பார். போதகர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லி முடித்து, கடைசி ‘ஆமென்’ இன்னும் பின்வரிசையைப் போய்ச் சேராத நேரத்தில், இவருடைய வலது கை மட்டும் ஏதாவது ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கும். கண் மூடித்தான் இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. பக்திமான்தான். ஆனால் கைக்கு ஜெபம் எப்போதோ முடிந்துவிட்டது.

இந்த இனத்துக்கு நாற்காலி அடுக்கிகள் என்று பெயர் வைப்போம். பள்ளிக்கூட விழா, சங்கக் கூட்டம், நூலகத்துச் சொற்பொழிவு என்று மனிதர் கூடிக் கலைகிற இடத்தில் எல்லாம் கிடைப்பார்கள். ஆனாலும் இவர்கள் செழித்து வளர்வது எங்கள் பிரெஸ்பிட்டேரியன் சபை போன்ற இடங்களில்தான். எங்களுக்கு எதுவும் முறைப்படி நடக்க வேண்டும். பாட்டு முறைப்படி, காணிக்கை முறைப்படி, சண்டையென்றால் அதையும் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்துதான் போடுவோம். இப்படிப்பட்ட மண்ணில் நாற்காலி அடுக்கியை யாரும் விதைக்க வேண்டாம், தானே முளைப்பார்.

எங்கள் சபையில் முளைத்தவர் தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவு மேற்பார்வையாளர். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் மூப்பர்களில் ஒருவர். நாங்கள் வைத்த பெயர் அடுக்கு மூப்பர். இந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். தெரியுமாம். பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாராம்.

எங்கள் வாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஞாயிறு ஆராதனை, அது முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் டீ. செவ்வாய் மூப்பர் கூட்டம். புதன் வேதபாடம். வெள்ளி பாடகர் பயிற்சி, அதில் நானும் உண்டு, என் சுதிதான் சில சமயம் உண்டு, சில சமயம் இல்லை. சனி பெண்கள் ஐக்கியம். சாதாரண மனிதருக்கு இது ஒரு வாரம். அடுக்கு மூப்பருக்கு இது அடுக்க வேண்டிய நாற்காலிகள். பாட்டுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆனாலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாட்டின் கடைசி அடிக்குச் சரியாக வந்து கதவோரம் நிற்பார். பெண்கள் ஐக்கியத்துக்கும் வருவார். ஆண்கள் வரக்கூடாதே என்று யாராவது சொன்னால், “நான் எங்கம்மா வந்தேன்? நாற்காலிக்கு வந்தேன்” என்பார்.

ஞாயிறன்று போதகர் அறிவிப்புகளை வாசிப்பார். அடுத்த மாதம் பாடகர் குழுவின் இசை மாலை. அதற்கடுத்து கைவேலை விற்பனை. பிறகு இளைஞர்களின் மலையேற்றம். ஒவ்வொன்றுக்கும் எங்கள் முகம் மலரும். பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்: “எத்தனை நாற்காலிங்க ஐயா?” மலையேற்றத்துக்கு நாற்காலி வேண்டாம் என்று போதகர் சொன்ன அன்று அந்த மனிதர் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை.

விரிப்பதில் அவருக்கு அக்கறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரிப்பதற்கு வேறு ஆளைப் பாருங்கள். மடக்குவதும் அடுக்குவதும்தான் அவர் ஊழியம்.

அவர் செய்முறை அலாதியானது. எழுந்திருங்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். “நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க, அவசரமே இல்ல” என்பார். சொல்லும்போதே உங்களுக்கு இடப்பக்க நாற்காலி போயிருக்கும். “டீயை மெதுவா குடிங்க” என்பார். வலப்பக்கமும் போயிருக்கும். முன்னால் இருந்த மேசை காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும், உங்கள் பிஸ்கட் தட்டு எப்படியோ உங்கள் மடிக்கு வந்திருக்கும், அவ்வளவு பெரிய கூடத்தின் நட்டநடுவில் ஒற்றை நாற்காலியில் நீங்கள் விசாரணைக்குக் கொண்டுவந்த ஆள் மாதிரி டீயும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். எவ்வளவு நேரம் தாங்கும்? எழுந்துவிடுவீர்கள். “அடடா, உக்காந்திருக்கலாமே” என்பார். நிஜமாகவே வருத்தப்படுவார். நாற்காலி அதற்குள் அடுக்கின் உச்சியில் இருக்கும்.

மூப்பர் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி, ‘வேறு விஷயங்கள்’. போதகர், “வேறு ஏதாவது...” என்று வாயெடுக்கும்போது அடுக்கு மூப்பர் எழுந்து நின்று தன் நாற்காலியை மடக்கியிருப்பார். வேறு விஷயம் மனதில் இருந்தவர்கள்கூட அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கழிவறை ஜன்னல் உடைந்து கிடக்கிற சங்கதி இன்றுவரை வேறு விஷயமாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் எப்படி என்று அவர் மனைவியிடம் கேட்டேன். நல்ல பெண்மணி, குரல் உயர்த்தாதவர். “எங்க வீட்டுக்கு வந்தவங்க யாரும் ரெண்டாவது தடவை சோறு கேட்டதில்லைங்க. கேக்கலாம்தான். தட்டு இருக்காது” என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன், பூட்டுக்காரர் விவகாரம் வரும்வரை.

பூட்டுக்காரர் எங்கள் தெருமுனையில் சாவி, பூட்டுக் கடை வைத்திருப்பவர். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது, கல்யாணம் ஆகவில்லை, தங்கமான மனிதர். பேச்சுதான் சட்டென்று வராது. முதலில் வெயிலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும், பிறகு மழையைப் பற்றி, அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு, அப்புறம்தான் விஷயம். சிஸ்டர் என்று நாங்கள் எல்லாரும் கூப்பிடுகிறவர் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை டீ போட்டுக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. தன் டீயைக் கடைசியாக எடுத்துக்கொண்டு அவர் வந்து உட்காருகிற இடம், எப்படியோ, ஒவ்வொரு வாரமும் பூட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியாகவே இருந்தது.

சபைக்கே தெரியும். போதகருக்குத் தெரியும், ஆர்கன் வாசிப்பவருக்குத் தெரியும். அடுக்கு மூப்பருக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அங்கே இன்னும் இரண்டு நாற்காலி பாக்கி இருக்கிறது என்பதுதான். பூட்டுக்காரர் வெயிலை முடித்து, மழையை முடித்து, பெருமூச்சும் விட்டு, “சிஸ்டர், நான் ஒண்ணு...” என்று ஆரம்பிக்கும்போது தலைக்கு மேல் அந்தக் குரல் கேட்கும்: “நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க.” அவ்வளவுதான். இருவரும் எழுந்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் வெயிலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்படியே வருஷக்கணக்காகப் போயிருக்கும். நடுவில் சிஸ்டருக்கு வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாகப் போக அழைப்பு வந்தது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் சபையின் ஆண்டு விருந்து. “போறீங்களா சிஸ்டர்?” என்று நான் கேட்டதற்கு, “போக வேணாம்னு சொல்ல யார் இருக்கா?” என்று கெட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விஷயத்தைப் போதகர் காதில் போட்டேன்.

“எனக்கு ஒரு வேலை குடுங்க ஐயா. சாப்பாடு முடிஞ்சதும் மூப்பரை நான் பிடிச்சு வெச்சுக்கறேன்.”

“முடியுமா உங்களால?”

“பார்சலைப் பத்திக் கேட்டா பேசுவாரு.”

பேசினார். ஒழுங்காகக் கட்டாத பார்சல்களால் இந்த உலகம் படும் பாட்டைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். கூடத்தின் அந்தக் கோடியில் பூட்டுக்காரர் வெயிலில் இருந்தார். சரி, இன்றைக்கு நடந்துவிடும் என்று நிம்மதியாகக் கீழே பார்த்தால் என் முன்னால் தட்டு இல்லை. மேசையும் இல்லை. பார்சலைப் பற்றிப் பேசிக்கொண்டே மனிதர் எங்கள் வரிசை முழுவதையும் முடித்திருந்தார். பேச்சு வாயோடு, வேலை கையோடு. நான் எழுந்து தடுப்பதற்குள் அவர் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

பூட்டுக்காரர் அப்போது மழையைத் தாண்டி, பெருமூச்சுக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க” என்றார் அடுக்கு மூப்பர். இருவரும் எழுந்தார்கள். “எழுந்துட்டீங்களா? அப்ப இந்த நீள மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு ஸ்டோர் ரூமுக்குள்ள வெச்சிருங்களேன்.”

ஒரு பக்கம் பூட்டுக்காரர், ஒரு பக்கம் சிஸ்டர், நடுவில் அவ்வளவு நீள மேசை. கல்யாணம் கேட்க வந்த மனிதரை மேசை தூக்க வைத்துவிட்டாரே பாவி என்று போதகரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஜெபமா தலைவலியா தெரியவில்லை.

பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கூடம் காலியாயிற்று. விளக்கை அணைக்கும்போது பார்த்தால் வாசலில் பூட்டுக்காரரின் சைக்கிள் நிற்கிறது. ஆணியில் சிஸ்டரின் கைப்பை தொங்குகிறது. ஸ்டோர் ரூம் கதவு பூட்டியிருக்கிறது. அதன் சாவி எப்போதும் அடுக்கு மூப்பர் இடுப்பில். அவர் கடைசி நாற்காலியை வைத்துவிட்டு, உள்ளே மேசைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல், வழக்கம்போலக் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

போன் செய்தோம். மனைவியோடு அரக்கப்பரக்க ஓடிவந்தார். கதவைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை. சாவியைப் போட்டுத் திறந்தார்.

உள்ளே அடுக்கிலிருந்து இரண்டு நாற்காலிகளை எடுத்து எதிரும் புதிருமாகப் போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சபையின் பிஸ்கட் டின் நடுவில் திறந்திருந்தது. சிஸ்டரின் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுக்கு மூப்பர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க, நான் கவனிக்கலையே” என்று நாலைந்து தரம் சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே பார்வை கீழே இறங்கியது. அடுக்கில் இருக்க வேண்டிய இரண்டு நாற்காலிகள் தரையில் இருந்தன. கை தானாக நீண்டது. “நீங்க உக்காருங்க, நீங்க...”

“உக்காரத்தான் போறோம்” என்றார் பூட்டுக்காரர். வெயில் இல்லை, மழை இல்லை, பெருமூச்சு இல்லை. “கையை எடுங்க.”

அந்தக் கை நாற்காலியை விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சிஸ்டர் பதில் சொன்னார், வரவில்லை என்று.

பிறகு ஒருநாள் பூட்டுக்காரரின் கடைக்குச் சாவி வெட்டப் போனபோது கேட்டேன். “அந்த ஸ்டோர் ரூம் பூட்டு நீங்க மாட்டுனதுதானே?”

“ஆமா.”

“யாராவது உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு உள்பக்கம் ஒரு குமிழ் வெச்சீங்களே. அதைத் திருகினா திறக்குமே.”

சாவியை ராவிக்கொண்டே இருந்தார். காது மட்டும் சிவந்தது. “இருட்டா இருந்துச்சு” என்றார்.

சிஸ்டரிடம் இதை மெதுவாகச் சொல்லி வைத்தேன், பின்னால் தெரிந்து வருத்தப்படக் கூடாதே என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டீத்தூள் டப்பா எங்கங்க இருக்கு? அந்த ரூம்லதானே? வாராவாரம் நான் திருகாத குமிழா அது?” என்று சொல்லிவிட்டுக் கப்புகளைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுக்கு மூப்பருக்கு இப்போது தலைகால் புரியவில்லை. இந்த ஜோடியைச் சேர்த்துவைத்தது தான்தான் என்று தபால் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மறுக்கவும் முடியவில்லை. கல்யாணத் தேதியைப் போதகர் அறிவிப்பில் வாசித்தபோது சபையே பின்னால் திரும்பிப் பார்த்தது. “எத்தனை நாற்காலிங்க ஐயா?” என்றார், கொஞ்சம் தழுதழுத்த குரலில்.

கல்யாணத்தன்று அவரையும் மனைவியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். விருந்து முடியும்வரை அந்த அம்மாள் கணவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். இந்த வயதிலும் என்ன அன்பு என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் கூடத்தில் எல்லாரும் ஆற அமர உட்கார்ந்து, சொல்ல நினைத்ததை எல்லாம் சொல்லி முடித்தோம்.

நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். எனக்குச் சபையுமில்லை, நாற்காலியுமில்லை, இது யாரோ ஒருவர் கதை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்போது ஒருவர் கையைக்கூடக் கழுவாமல், “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் எழுந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே, “நீ சொல்லு, நீ சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றீர்கள்.

அவர் சொன்னாரா?