டப்பாவில் கிடந்த கொரியாக் காசு

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கு சுகமா என்று கேட்பதும் முறை, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரி அவள் அக்காவைப் பார்க்கப் போன மறுநாளே சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஆயுசு பூராவும் ஊருக்கெல்லாம் குழாய் மாட்டியவன் வீட்டில் ஒரு வாஷர் கிடையாது, சிரியுங்கள், உங்களுக்குச் சிரிக்கத்தான் தெரியும். பரணில் ஏறித் துழாவினால் அப்பாவின் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே சட்டைப் பொத்தான், தேய்ந்த டோக்கன், எந்த நாட்டுடையது என்றே தெரியாத சில்லறை, எல்லாவற்றுக்கும் அடியில் நடுவில் ஓட்டையோடு ஒரு பித்தளை வட்டம். அப்பாடா என்று குழாயில் மாட்டப் போனால் ஓட்டை சதுரமாக இருக்கிறது. சதுர ஓட்டை போட்டு வாஷர் செய்கிற மடையன் உலகத்தில் இல்லை என்பதால் துடைத்துப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி நாலு எழுத்து.

குழாயை அப்படியே ஒழுகவிட்டு உட்கார்ந்துவிட்டேன், அண்ணா. அப்பா கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்ட காலத்தில் கொரியாவில் இறங்கி, ஒரு கிழவருடைய பம்பைச் சரிசெய்து கொடுத்து, கூலிக்குப் பதில் சதுர ஓட்டைக் காசு வாங்கி வந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! “எங்க, காட்டுங்க” என்றால், “டப்பாவுல இருக்குடா, அப்புறம் காட்டுறேன்” என்பார். காட்டியதில்லை. அதை வைத்துத்தானே தலைமையாசிரியரான நீங்கள் “எங்கப்பா துறைமுகத்தத் தாண்டினதே இல்ல” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி, பெற்றவருக்கே ‘கொரியாக்காரர்’ என்று பட்டப்பெயர் வைத்தீர்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோதும், “என்னப்பா, கொரியாவுல இன்னிக்கு மழையா?” என்றீர்கள். நர்ஸ்கூடச் சிரித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் அதன்பிறகு கப்பல் பேச்சையே எடுக்கவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

காசை முதலில் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். “சீனாக் காசு சார்” என்று மாத்திரை எண்ணிக்கொண்டே சொல்லிவிட்டார். மனசு விட்டுப்போயிற்று. பிறகு பழைய காசு விற்பவர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, “மேல, கீழ, வலது, இடதுன்னு படிக்கணும். சாங்பியோங் தோங்போ, அதான் இந்தக் காசோட பேரு. பின்னாடி இருக்கறது இத வார்த்த ஆபீஸோட எழுத்து. சீனாவா இருந்தா இங்க வேற மாதிரி இருக்கும். இது கொரியாதாங்க, நூறு வருஷத்துக்கு மேல பழசு. ஆனா விலை போகாது, ஏகப்பட்டது வார்த்திருக்காங்க” என்றார். கடையிலேயே அழுதுவிட்டேன். விலை போகாததற்கு அழுகிறேன் என்று நினைத்து, பாவம், டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அப்பா படத்துக்கு முன்னால் நின்று, குடும்பம் மொத்தமும் கேட்க, “நீங்க பொய் சொல்லலப்பா, எனக்குத்தான் வாய்க்கொழுப்பு” என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எனக்கு அண்ணன் என்று யாரும் இல்லை.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்; அவர்களுக்கு உங்கள் நாக்கு வாய்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொரியாக்காரர் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வீட்டுக்காரி ஊரிலிருந்து வந்துவிட்டாள். டப்பாவைப் பார்த்ததும், “எங்கப்பாவோடத ஏன் எறக்கினீங்க?” என்கிறாள். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, கூட்டத்தில் அவர் தலையில் கட்டப்பட்ட செல்லாக்காசுகளையெல்லாம் இதில்தான் போட்டு வைத்தாராம். “உங்கப்பா டப்பா உங்கண்ணன் கொண்டுபோன பெட்டியிலதானே இருக்கு” என்கிறாள்.

அண்ணா, அதைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.

வேண்டாம். திறக்காமல் அப்படியே அனுப்பி வையுங்கள். நானும் திறக்கப் போவதில்லை.