ஜெயப்பிரகாஷ் சாரின் சிபாரிசு

"ஜெயப்பிரகாஷ் சாரா? எதிர்க்கேள்வி கேக்குறன்னு உன்ன கிளாஸ விட்டே தொரத்துன ஆளாச்சே பாப்பா."

தாண்டவராயன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். மகள் சுவாதி எம்.எஸ்சி. படிக்க டெல்லிக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாயிற்று. சிதம்பரத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த வாத்தியார் ஒருவர், பிள்ளை நல்ல பிள்ளை என்று சிபாரிசுக் கடிதம் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பத்தாவதோடு நின்றுபோன தாண்டவராயன், தான் வேலை பார்க்கும் கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனி முழுக்க, 'எம்பொண்ணு டெல்லி போவுது' என்று தம்பட்டம் அடித்து முடித்திருந்தார்.

"குணசுந்தரி மேடம் உன்மேல உசுரா இருப்பாங்களே, அவுங்களக் கேளேன்."

"அப்ளிகேஷன்ல சார் பேரைப் போட்டுட்டேன்பா. இனிமே மாத்த முடியாது. கெடைக்கலன்னா இங்கயே படிக்கிறேன்."

"வாயக் கழுவு."

பெற்ற மனசு சும்மா இருக்குமா? மறுநாளே வஞ்சிர மீனை ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். மனுஷன் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஜெயப்பிரகாஷ் வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். போதாக்குறைக்குப் பை வேறு ஒழுகி, அவர் திருத்தி வைத்திருந்த விடைத்தாள் கட்டு முழுக்க மீன் தண்ணி.

"யாருய்யா நீ?"

"சுவாதியோட அப்பாங்க சார்."

"எந்திரிச்சுப் போய்யா வெளிய."

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த நாள் பழத்தட்டோடு சமாதானத்துக்குப் போய் நின்றார்.

"சின்னப் புள்ள சார், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க லேபுக்கு நேரத்துக்கு வர்றதில்லன்னு பிரின்சிபாலுக்கு மொட்டைக் கடுதாசி போட்டது தப்புதான். நானே திட்டிட்டேன்."

ஜெயப்பிரகாஷ் மெல்ல எழுந்தார்.

"அது அவ போட்டதா?"

அதுவரை அந்த மனுஷனுக்கு அது தெரியாது. தாண்டவராயனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. தட்டை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டார்.

கடிதம் அனுப்பக் கடைசி நாள். காலில் விழுந்துவிடுவதென்று முடிவு செய்து, மகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் அழுகை அழுகையாய் வந்தது. மகளோ ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாக வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

"விடுப்பா. நமக்குக் குடுத்து வெக்கல."

சார் அறை பூட்டிக் கிடந்தது. அட்டெண்டர் ஆரோக்கியராஜ் மட்டும் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சார் இன்னிக்கு லீவுங்க."

தாண்டவராயன் அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். "போச்சு. மீனக் குடுத்து ஒருநாள், வாயக் குடுத்து ஒருநாள், எம்பொண்ணு படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

ஆரோக்கியராஜ் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"ஏங்க அழுவறீங்க? நேத்து பாப்பா வந்து, 'எனக்கு டெல்லி போவ இஷ்டமில்ல, மட்டமா எழுதி அனுப்புங்க சார்'னு கெஞ்சிச்சு. பாப்பா அந்தாண்ட போனதும், 'இவ கேட்டு நான் செஞ்சிருவனா'ன்னு சார் ஆஹா ஓஹோன்னு எழுதி அனுப்பிட்டாரே."