எட்டு நாற்காலிகளும் ஓர் இரங்கல் செய்தியும்

குளிர்காலத்தில் எங்கள் ஊரில் செய்தி வேகமாகப் பரவும். எல்லாரும் மஃப்ளருக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நான் கிளப்பிவிட்ட செய்தி ஒன்று, நான் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் எடப்பாடியைத் தாண்டியிருந்தது.

நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லாமல் போனதும் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். தெருவிளக்கில் எத்தனை எரியவில்லை, தண்ணீர் எத்தனை நாளாக வரவில்லை என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். பொறுக்க முடியாமல் அவள்தான் யோசனை சொன்னாள்: "இதையெல்லாம் எங்கிட்டச் சொல்றதுக்கு, போன்ல ஒரு குரூப் போட்டு ஊருக்கே சொல்லுங்களே." 'நம்ம ஊர் நடப்பு' என்ற வாட்ஸ்அப் குழு அப்படித்தான் பிறந்தது. நானூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மின்தடை, காணாமல் போன ஆடு, ரேஷனில் பாமாயில் வந்தது, எல்லாம் என் கையால்தான் போகும்.

ஒரே ஒரு கவலை. ஜெராக்ஸ் கடைக்காரரும் ஒரு குழு வைத்திருந்தார். கார்த்திகையில் நடந்த ஒரு சாவை என்னை முந்திக்கொண்டு போட்டுவிட்டார். (செத்தவர் எனக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. அந்த வருத்தத்தை எங்கே போய்ச் சொல்வது?) அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அடுத்து யார் என்று மனதுக்குள் ஒரு வரிசை ஓடிக்கொண்டே இருந்தது. அதில் முதலிடத்தில் இருந்தவர் கீழத்தெரு நல்லப்பன். எண்பதைத் தாண்டியவர். மூச்சிரைப்பு என்று சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு, பொங்கலுக்கு முதல் நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தார்.

அது தை மாதத்து விடிகாலை. பனி கண்ணை மறைத்தது. சர்க்கரைக்காக நடக்கிறவன் நான். குரங்குக் குல்லாய், மஃப்ளர், மூக்குக்கண்ணாடி சகிதம் கீழத்தெருவில் திரும்பினேன். நல்லப்பன் வீட்டு வாசலில் வெள்ளைச் சாமியானா. டியூப் லைட் எரிகிறது. ஓரமாக ஒரு கட்டை புகைந்துகொண்டிருக்கிறது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எண்ணினேன், எட்டு. எட்டிலும் ஆட்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல்.

நடையை எட்டிப் போட்டேன். துக்கத்தால் பாதி, ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயத்தால் பாதி.

எங்கள் பக்கத்தில் எழவு வீட்டில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் போய் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்ட வேண்டும். அவர்களும் இரண்டு கைகளால் தொடுவார்கள். வரிசை முடிந்ததும் 'வாரேன்' என்று சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவ்வளவுதான் துக்கம் விசாரிப்பது. எப்போது, எப்படி என்று கேட்டால் நாகரிகம் இல்லாதவன் என்பார்கள்.

நான் நாகரிகம் உள்ளவன். மஃப்ளருக்குள் விட்ட மூச்சுக் கண்ணாடியில் படிந்து ஒரு முகமும் தெரியவில்லை. கையை நீட்டிக்கொண்டே போனேன். எட்டுப் பேரும் தொட்டார்கள். ஆறாவது ஆளின் கை மட்டும் பச்சைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. பாவம், ரொம்ப நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது என்று எண்ணி, அந்தக் கையை மட்டும் கூடுதலாக ஒரு தடவை அழுத்தினேன். பிறகு, சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன்.

தெரு முனையில் நின்று செய்தியைப் போட்டேன். 'கீழத்தெரு பெரியவர் நல்லப்பன் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார். அடக்கம் குறித்த விவரம் பின்னர்.' ரோஜாப்பூப் படம் ஒன்றையும் சேர்த்தேன். வீடு வந்து சேர்வதற்குள் கும்பிடும் கைகள் எழுபதுக்கு மேல் வந்துவிட்டன. ஜெராக்ஸ் கடைக்காரரே ஒரு கும்பிடு போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் காபி கேட்டேன்.

காபி வரும் முன் போன் வந்தது. நல்லப்பனின் மகன் சின்னுசாமி.

"ஏனுங்க வாத்தியாரே, எங்கைய்யனைக் கொன்னு போட்டீங்களாமா?"

"சின்னுசாமி, மனசைத் தேத்திக்கோ…"

"நான் எதுக்குங்க தேத்தோணும்? எங்கைய்யன் இங்க ஒக்காந்து உப்புமா திங்கறாரு. இன்னைக்கு எம்புள்ள கோகிலாவுக்கு நிச்சயமுங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் ஊர்ல பேச்சாகிக் கலைஞ்சு போச்சுன்னு இந்தத் தடவை ஆருக்கும் சொல்லாம வெச்சிருந்தோம். வெளியூர்ச் சொந்தக்காரங்க காபிக்குக் குந்தியிருந்தாங்க. நீங்க வந்து எழவுக் கை குடுத்துட்டுப் போயிட்டீங்க. எதுக்குன்னு தெரியாமயே அவங்களும் தொட்டிருக்கறாங்க. இப்ப எங்க சின்னத்தா, ஆரு செத்தாங்கன்னே தெரியாம உள்ள ஒப்பாரி வெக்குது."

"நீங்க யாருமே பேசலையேப்பா" என்றேன்.

"குளுருக்குப் பல்லுக் கிட்டிப் போயிருந்துதுங்க. அதை உடுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஜலகண்டாபுரத்துல இருந்து கெளம்பிட்டாங்க. மாப்பிள்ளையோட பெரியப்பன் உங்க குரூப்புல இருக்கறாரு."

இருந்தார்தான். எங்கள் ஊர்த் தறிகளுக்கு நூல் அனுப்புகிறவர். மின்தடை விவரத்துக்காக நானே சேர்த்துக்கொண்டவர். பதறிப்போய்ச் செய்தியை அழித்தேன். எல்லாருடைய போனிலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. அழிக்காமலே இருந்திருக்கலாம்.

பெரியப்பாவே கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எடப்பாடியில வண்டிய ஓரங்கட்டி நிக்கறோமுங்க. சாவை மறைச்சு நிச்சயம் பண்றது ரெண்டு ஊட்டுக்கும் ஆகாதுங்க. அவங்க சொல்லி நீங்க செய்திய அழிச்சுட்டீங்கன்னு புரியுதுங்க. நாங்க திரும்பிக்கறோம்."

"ஐயா, அவர் உயிரோடு இருக்கிறார். சத்தியம். ஐந்தே நிமிடம், கண்ணால் காட்டுகிறேன்."

கீழத்தெருவுக்கு ஓடினேன். (பணியில் இருந்தபோதுகூட ஓடியதில்லை.) வாசலில் கோகிலா பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நின்றாள். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. மூன்றாவது இடமும் என் ஒருவனால் போகப்போகிறது.

ஆறாவது நாற்காலியில் குல்லாயும் கம்பளியுமாக இருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நல்லப்பன்.

"வாங்க வாத்தியாரே. எனக்கே கை குடுத்துட்டுப் போனீங்களே, அதுலயும் ரெண்டு அமுக்கு. எனக்குத் தெரியாம நம்ம ஊட்டுல ஆரு போயிட்டாங்கன்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருந்தேன்."

பெரியப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, போனைப் பெரியவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பேசுங்கய்யா" என்றேன். அவர் பேச வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து சிக்னல் நின்றது. பாதி மூடிய கண், திறந்த வாய், தாடையைச் சுற்றிக் கட்டிய மஃப்ளர், தலைக்கு மேல் டியூப் லைட். படம் அப்படியே உறைந்துபோய் நின்றது. மறுமுனையிலிருந்து பெரியப்பாவின் குரல் மட்டும் தழுதழுத்து வந்தது.

"பாத்துட்டோமுங்க. நல்லபடியா எடுத்துருங்க."

சின்னுசாமி தலையில் கை வைத்துக்கொண்டு சாமியானாக் காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு போனை நம்பிப் பயனில்லை. பெரியவரைக் கம்பளியோடு ஆம்னி வேனின் முன் இருக்கையில் ஏற்றினோம்; ஓட்டியது நான். வழியெல்லாம் எனக்குப் புதிய கவலை: மூச்சிரைப்புக்காரர், இந்தக் குளிரில் இவருக்கு ஏதாவது ஆகி, என் செய்தி உண்மையாகிவிட்டால்? அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் தாமதித்தால் தோளைத் தொட்டேன். மூன்றாவது முறை தொட்டபோது, "இருக்கறனுங்க, ரோட்டைப் பாருங்க" என்றார்.

எடப்பாடிக்கு வெளியே ஒரு டீக்கடை முன்னால் அவர்கள் வண்டி நின்றது, ஜலகண்டாபுரம் பக்கமாகத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. பெரியப்பா டீ கிளாஸை வைத்துவிட்டு எங்களை நோக்கி வந்தார். நல்லப்பனை நேரில் பார்த்ததில்லை; போனில் பார்த்த 'பிணத்தோடு' இவரைச் சேர்த்துப் பார்க்கவும் தோன்றவில்லை போலிருக்கிறது. மூத்த பங்காளி யாரோ சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து அவரிடம் நீட்டினார்.

பெரியவர் அந்தக் கைகளைத் தொடவில்லை.

"எனக்கு எதுக்குங்க குடுக்கறீங்க? செத்தவனே நான்தானுங்க."

பெரியப்பா நிமிர்ந்தார். நீட்டிய கை நீட்டியபடி நின்றது. வண்டிக்குள் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மாப்பிள்ளைப் பையன்தான். பிறகு டீக்கடைக்காரர். கடைசியில் பெரியப்பாவும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நல்லப்பன் அதற்குள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "செத்தவனுக்கு ஒரு டீ போடுங்க சாமி, சக்கரை தூக்கலா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்காதவன் நான் ஒருவன்தான். நல்ல நேரம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நல்ல நேரத்துக்குள் தட்டு மாற்றினார்கள். கோகிலாவுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. ஆனாலும் அந்தச் சம்பவத்திலிருந்து எனக்கு விடுதலை இல்லை. ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் செருப்பைக் கழற்றும்போதே "எல்லாரும் நல்லா இருக்கறோமுங்க வாத்தியாரே" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. கல்யாண மண்டபங்களில் எனக்கு யாரும் கை கொடுப்பதில்லை. வீட்டுக்காரியோ, கொல்லைப்புறம் போவதென்றால்கூட "வாரேன்னு சொல்லிட்டுப் போங்க" என்கிறாள்.

நல்லப்பன் இன்னும் இருக்கிறார். அந்த நிச்சயத்துக்கு மறுநாள் பேத்தியிடம் சொல்லிக் குழுவில் சேர்ந்துகொண்டார். தினமும் விடிந்ததும் அவருடைய குரல் பதிவுதான் முதல் செய்தி: "நல்லப்பனுங்க. இருக்கறேன்." மின்தடையெல்லாம் அதற்குப் பிறகுதான். அது வரும்வரை எனக்குக் காபி இறங்காது.

இந்தத் தையில் ஒரு நாள், வெயில் வந்தும் பதிவு வரவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு நடந்தேன். திரும்பி எடுத்தேன். மறுபடி வைத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் நினைவு ஒரு தடவைகூட வரவில்லை. குல்லாயை மாட்டிக்கொண்டு கீழத்தெருவில் திரும்பியபோது வாசலில் சாமியானா இல்லை. ஒரே ஒரு நாற்காலி. அதில் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கிட்டப் போய், இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டேன்.

"ஐயா, இருக்கீங்களா?"

கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் சேர்த்து என் பக்கம் நீட்டினார்.

"போன்ல சார்ஜ் போயிருச்சுங்க. ஆழ்ந்த இரங்கல்."