கலுங்கு தாண்டும் வரை

“கொக்கு கிடைக்கலேன்னா என்ன? நாலு வாத்தை ஓட்டியாந்து விட்ருவோம். தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்,” என்றான் சோலைமுத்து.

“வாத்து எதுல நீந்தும்? உங்க வேட்டியிலயா?” என்று கேட்டாள் நாகஜோதி.

கேள்வி நியாயமானதுதான். செங்கட்டான் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரைமேல் நின்ற கணவனுக்கும் மனைவிக்கும் முன்னால் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. உச்சிக் கிளைகளில் போன வருஷத்துக் கூடுகள் காலி வீடுகளைப் போலத் தொங்கின. பறவை என்று சொல்ல அங்கே இருந்தது ஒரே ஒரு கரிச்சான். அதுவும் மேய்கிற ஆட்டின் முதுகில் சவாரி போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதிகாரிகள் குளத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து நாகஜோதிக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும் போலவும், எழுந்தால் நடக்க வேண்டும் போலவும் இருந்தது.

திண்டுக்கல் அகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் குளத்தை அழகுபடுத்த அரசு ஒரு திட்டம் போட்டிருந்தது. கருவேல மரங்களை வெட்டுவார்கள். கரையின் உட்பக்கம் முழுக்கச் சிமெண்டு பூசுவார்கள். பிறகு படகு, நடைபாதை, கலர் விளக்கு. நாகஜோதி ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். “அய்யா, எங்க குளத்துக்கு ஆயிரக்கணக்குல பறவை வருது, கூடு கட்டுது, குஞ்சு பொரிக்குது. மரத்தை வெட்டிப்புட்டா அதுக அம்புட்டும் எங்கிட்டுப் போகும்?” என்று கேட்டாள். மனுவை வாங்கியவர், “நேர்ல வந்து பாக்குறோம்மா,” என்றார்.

பறவைகள் பொய்யில்லை. ஆனால் நாகஜோதியின் உண்மையான கவலை சிமெண்டு. குளத்தின் மண்கரை வெறும் சுவர் இல்லை. அது ஒரு வடிகட்டி. உள்ளே நிற்கும் தண்ணீர் மண் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து, கரைக்குக் கீழே இருக்கும் கிணறுகளில் ஊறும். குளம் வியர்க்கும், கிணறு குடிக்கும். நாகஜோதியின் கிணறும் அப்படிக் குடித்து வளர்ந்ததுதான். அந்தக் கிணற்றை நம்பிச் சம்பங்கித் தோட்டம் இருந்தது. சம்பங்கியை நம்பி வீடு இருந்தது.

“கிணத்தைப் பத்திச் சொல்லிப் பாத்திருக்கலாம்ல?” என்றான் சோலைமுத்து.

“கிணறுன்னா ‘உன் சொந்தப் பிரச்சினை’ம்பாங்க. பறவைன்னாத்தான் பேப்பர்ல போடுவாங்க. நீங்க செத்த நேரம் சும்மா இருங்க, நான் யோசிக்கணும்.”

அவள் நடந்துகொண்டே யோசித்தாள். பறவை வர மீன் வேண்டும், தவளை வேண்டும், நத்தை வேண்டும். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் மேலக்குளத்தில் இருந்தது. இந்தப் பக்கத்துக் குளங்கள் படிக்கட்டு மாதிரி. மேல்படிக் குளம் நிறைந்து, அதன் கலுங்கு என்கிற தாழ்வான கற்சுவரைத் தாண்டி வழிந்தால்தான் கீழ்ப்படிக் குளத்துக்குத் தண்ணீர் வரும். இந்த வருஷ மழை மேலக்குளத்தின் கலுங்குக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. ஆனால் மடையைத் திறந்தால் வாய்க்கால் வழியாகவும் வரும். மடைச் சாவி மேலக்குளத்துப் பாசன சங்கத் தலைவி ஒச்சம்மாளிடம் இருந்தது.

ஒச்சம்மாள் விறகுக்காகக் காய்ந்த பருத்திமார் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கு அறுப்பு முடிஞ்சிருச்சு, தண்ணி சும்மாதான் கெடக்கு. எடுத்துக்கங்க. ஆனா மடைக் கருப்புக்குக் கிடா வெட்டித்தான் தொறக்கணும்.”

“வெட்டிருவோம் மதினி.”

“தொறந்தா உங்க குளம் கலுங்கு தாண்டுற வரைக்கும் அடைக்கக் கூடாது. பாதியில அடைச்சா குடுத்தவன் கையத் தட்டிவிட்ட மாதிரி. கருப்பு பொறுக்க மாட்டான்.”

“அய்யோ, எனக்கு முழங்கால் தண்ணி போதும் மதினி! நாரை நின்னு மேயுற அளவுக்கு.”

“கருப்புகிட்ட டேப்பு வச்சு அளந்தா கேப்ப? ஒண்ணு முழுசா வாங்கு, இல்ல பேசாம போ.”

நாகஜோதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். காய்ந்த வாய்க்கால் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். வெடித்த களிமண் அதற்கு மேல் குடிக்கும். குளம் நிறைய எப்படியும் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அதற்குள் அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கிடா வெட்டினார்கள். மடை திறந்தது.

கணக்கு முதல் நாள் சரியாக இருந்தது. வாய்க்கால் ‘சொர்’ரென்று உறிஞ்சியது. மறுநாள் செங்கட்டானின் பள்ளத்தில் தண்ணீர் பளபளத்தது. அதற்கடுத்த நாள் முழங்கால் அளவு. எங்கிருந்துதான் செய்தி போனதோ, கொக்குகள் வந்தன. நத்தைக்குத்தி நாரைகள் வந்து, அலகால் சேற்றைக் கிளறி நத்தையை உடைத்துத் தின்றன. நாகஜோதி கரைமேல் நின்று கண் கலங்கினாள்.

அவள் மறந்தது ஒன்றுதான். களிமண் ஒரு முறை நனைந்துவிட்டால் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அதன் பிறகு அது ஒரு மிடறுகூடக் குடிக்காது. வந்த தண்ணீர் அத்தனையும் அப்படியே ஏறியது. முழங்கால் இடுப்பானது. நாரைக்கு ஏது இடுப்பு? அது காலளவு தண்ணீரில் நின்று மேய்கிற பறவை. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தது, மறு காலைத் தூக்கிப் பார்த்தது, பறந்துவிட்டது. கொக்குகளும் பின்னாலேயே போயின.

“ஏங்க, போய் மடையை அடைக்கச் சொல்லுங்க!”

“நானா? கருப்புகிட்டயா? நான் மாட்டேம்ப்பா.”

குளம் நெஞ்சளவுக்கு ஏறியபோது இஷாக் மினி லாரியில் வந்து இறங்கினான். திண்டுக்கல் பேகம்பூரில் மீன்கடை வைத்திருப்பவன். செங்கட்டானின் மீன் குத்தகையை எடுத்துவிட்டு, வறண்ட குளத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கிக் கிடந்தவன்.

“மாஷா அல்லாஹ்! அக்கா, உங்களாலதான் எனக்கு விடிஞ்சிருக்கு!” என்று கூவிக்கொண்டே பிளாஸ்டிக் பைகளை அவிழ்த்து மீன்குஞ்சுகளைக் கொட்டினான்.

மீன்குஞ்சு இறங்கிய சேதி தெரிந்ததும் நீர்க்காகங்கள் வந்தன. அவற்றுக்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை; முங்கிப் பிடிக்கிற சாதி. கருவேல மரங்கள் கறுப்பாகிவிட்டன. நாகஜோதிக்குப் போன உயிர் திரும்பியது. அந்த உயிர் சரியாக ஒரு ராத்திரிதான் தங்கியது. காலையில் கரையில் இருந்து ‘டமார்’ என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் இஷாக் கையில் ஊதுபத்தி, காலடியில் வெடிக்கட்டு. மரங்களில் ஒரு பறவை இல்லை.

“ஏப்பா இஷாக்கு! ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

“அக்கா, ஒரு நீர்க்காகம் எம்புட்டு மீன் திங்கும் தெரியுமா? என் குஞ்சு அம்புட்டும் அதுக வயித்துலதான் வளரும்!”

நாகஜோதி மூச்சு வாங்கிக்கொண்டு அவனை ஒரு கல்லில் உட்கார வைத்தாள்.

“இங்க பாரு. பறவை மரத்துல உக்காந்து என்ன செய்யும்?”

“எச்சம் போடும்.”

“எங்க விழுகும்?”

“தண்ணியிலதான்.”

“எச்சம் உரம். உரம் விழுந்தா தண்ணியில பாசி செழிக்கும். பாசியத் தின்னு மீனு கொழுக்கும். பறவை நாலு குஞ்சைத் தின்னா, மிச்சத்தை ரெண்டு மடங்கு பெருக்க வச்சிட்டுத்தான் போகும். நீ வெரட்டுறது திருடனை இல்லப்பா, ஒனக்குச் சம்பளமில்லாத வேலைக்காரனை.”

இஷாக் வாயைப் பிளந்தான். புரிய வைப்பதில் நாகஜோதி கெட்டிக்காரி. இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே புரிய வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே இஷாக் தன் கடையில் மிஞ்சிய தலை, குடல் எல்லாவற்றையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கரையோரம் கொட்டி, ‘வேலைக்காரர்களுக்கு’ விருந்து வைத்தான். கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், “நம்ம குளத்துல பறவையைப் போய்ப் பாருங்க பாய், கண்ணு கொள்ளாது,” என்று போனில் வீடியோவைக் காட்டினான்.

விருந்துக்கு நீர்க்காகம் திரும்பியது. கொக்கு கரையோரத்துக்கு வந்தது. கூழைக்கடா என்கிற பெரிய பறவை, தாடைக்குக் கீழே பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கப்பல் மாதிரி வந்து இறங்கியது. அதற்குப் பின்னாலேயே திண்டுக்கல்லும் வந்து இறங்கியது. வேன் வேனாக ஆட்கள், பிரியாணிப் பொட்டலங்கள், ஐஸ் வண்டி, பலூன்காரர். கரைமேல் நடக்க இடமில்லை.

“இம்புட்டுக் கூட்டமா!” என்று பதறினாள் நாகஜோதி. பிறகு அவளே தேற்றிக்கொண்டாள். “வரட்டும். குளத்துமேல ஊருக்கே அக்கறை இருக்குன்னு அதிகாரிக பாக்கட்டும்.”

அதற்குள் வீட்டில் வேறு ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. நிறை குளம் நன்றாக வியர்க்கும் அல்லவா? கிணறு குடித்தது, குடித்தது, வாய் வரைக்கும் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தோட்டத்தில் துப்பியது. சம்பங்கி ஈரம் கேட்கும் செடிதான். ஆனால் அதன் கிழங்கு தண்ணீரில் ஊறினால் அழுகிவிடும். பாத்திகளில் தவளை கத்தியது.

“எந்தத் தோட்டத்துக்காகக் கிளம்புனியோ அது முங்கிப்போச்சு,” என்றான் சோலைமுத்து.

“கிழங்கை மறுபடி ஊனிக்கிரலாம். கிணறு போனா எதை ஊனுறது? இன்னும் ரெண்டு நாள் பல்லைக் கடிங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்க சோலைமுத்துவால் முடியவில்லை. தோட்டத்தில் வேலை இல்லை, கரைமேல் கூட்டம் இருக்கிறது. அடுப்பையும் வடைச்சட்டியையும் தூக்கிக்கொண்டு போய் பஜ்ஜிக்கடை போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் குளம் கலுங்கைத் தாண்டியது. வெள்ளித் தகடு மாதிரி தண்ணீர் வழிந்த அதே நேரத்தில் ஜீப் கரையேறியது. பொறியாளர் ஞானராஜ் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இது... செங்கட்டான் குளம்தானே?”

“அதேதாங்கய்யா!” என்றாள் நாகஜோதி. பின்னால் ஊர்ப் பெண்கள் ‘பறவைகளை வாழ விடு’ என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“தண்ணி எப்பவும் இப்படித்தான் நிக்குமா?”

வறண்டது தெரிந்தால் பறவை எங்கே என்பார்கள். “வருஷம் பூரா வத்தாதுங்கய்யா,” என்றாள்.

“ஆழம் எவ்வளவு இருக்கும்?”

“நடுவுல ரெண்டு ஆள் ஒசரம் தாராளமா இருக்கும்.”

“இந்தக் கூட்டம்? இன்னைக்கு ஏதாவது விசேஷமா?”

“இது என்னங்கய்யா கூட்டம்! ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க, பாதித் திண்டுக்கல் இங்கதான் கெடக்கும். பறவையப் பாக்க அம்புட்டு ஆசை சனத்துக்கு.”

ஞானராஜ் முகம் மலர்ந்துகொண்டே போனது. பறந்து இறங்கிய கூழைக்கடாவை ஒரு போட்டோ எடுத்தார். கூட்டத்தை ஒன்று, கலுங்கை ஒன்று, பஜ்ஜிக்கடையைக்கூட ஒன்று எடுத்தார். “பிரமாதம்மா! நான் எதிர்பார்க்கவே இல்லை. இதை இப்படியே விட்டுவிடக் கூடாது,” என்று நாகஜோதியின் கையைக் குலுக்காத குறையாகச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு தண்ணீரோரமாக நடந்தார்.

நாகஜோதிக்குக் கால் தரையில் பாவவில்லை. பஜ்ஜிக்கடைக்கு ஓடினாள். “கேட்டீங்களா? இப்படியே விடக் கூடாதுன்னுட்டாரு! மரம் தப்பிச்சுச்சு, கரை தப்பிச்சுச்சு, நம்ம கிணறு தப்பிச்சுச்சு!”

சோலைமுத்து சந்தோஷத்தில், அங்கே பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஜீப் டிரைவரின் தட்டில் இன்னும் இரண்டை வைத்தான். “சாப்புடுங்கண்ணே, கடை கணக்கு. உங்க அய்யா இம்புட்டுச் சந்தோசமா யாருகிட்டப் பேசிக்கிட்டிருக்காரு?”

டிரைவர் மிளகாயை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அது ஒரு கூத்துண்ணே. தண்ணியும் கெடையாது, சனமும் வராதுன்னு இந்தத் திட்டத்தைப் போன மாசமே கைவிட்டாச்சு. காஞ்ச குளத்தை ஒரு போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டாச் சோலி முடிஞ்சுதுன்னுதான் காலையில கெளம்புனோம், இப்ப என்னடான்னா மரத்தை எல்லாம் சீக்கிரம் எடுங்க, படகு இன்னும் கூட வேணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு.”