பத்தொன்பதாம் இலக்கக் கொப்பி

சிவகுருநாதன் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் அந்த வீட்டில் எந்தக் கோரிக்கையும் எழுத்தில் வரவேண்டும். ஆங்கிலத்தில் வரவேண்டும். ஒரே பந்தியில் வரவேண்டும்.

சட்டம் பிறந்த இடம் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அவருடைய சொந்தக் குசினி வாசல். நேரம் சனிக்கிழமை காலை. காரணம், மனைவி தங்கரத்தினம் கேட்ட ஒரேயொரு கேள்வி.

"இஞ்சேருங்கோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையலை நீங்கள் பார்த்தா என்ன?"

ஞாயிறு என்றால் மாஸ்டருக்கு உயிர். பள்ளிக்கூடம், ரியூசன் என்று ஆறு நாளும் தொண்டை கிழியக் கத்துகிற மனுசன், ஞாயிறு விடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு உட்துறைமுகக் கரைக்குப் போய்விடுவார். கூட்டாளி பக்கத்து வீட்டுச் சிவரூபன். பகல் ஒரு மணிக்குத் திரும்பினால் சோறும் கறியும் மேசையில் இருக்கும். மீன் பட்டதா என்று மட்டும் அவரிடம் ஒருவரும் கேட்கக் கூடாது.

"ஏன் நான் பார்க்கோணும்?"

"எனக்கும் ஒருநாள் ஓய்வு வேணும்."

"இது வெறும் அபிப்பிராயம். ஆதாரம் எங்க?"

"நாரி நோகுது, நிமிர ஏலேல்லை. அந்தக் காரணம் காணாதோ?"

"உதாரணம் எங்க? விளக்கம் எங்க? வாய்க்கு வந்தபடி கேட்டா நான் என்னெண்டு முடிவெடுக்கிறது? எழுதித் தாரும். தலைப்பு வசனம் ஒண்டு, ஆதார வசனம் மூண்டு, முடிவு வசனம் ஒண்டு. நான் குறை பிடிக்க ஏலாத பந்தி எண்டா, சத்தியமா அடுத்த ஞாயிறே அகப்பையைத் தூக்கிறன்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

தங்கரத்தினம் வெங்காயத்தை உரித்தாள். மாஸ்டர் விசிலடித்தபடி முன்னுக்குப் போனார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அவர் கண்டதில்லை. இனி எங்கே எழுதப்போகிறாள்?

சனி பின்னேரம் இரண்டு மணிக்கு முன் ஹோலில் மாஸ்டரின் ஆங்கில வகுப்பு. பதினெட்டுப் பேர். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்க்கும் ஜவாஹிர், மூதூரிலிருந்து வருகிற முன்பள்ளி ரீச்சர் உம்மு குல்சும் என்று பல மாதிரி. அடி மட்டமும் இல்லை, கெட்டிக்காரரும் இல்லை, இடைநடுவில் நிற்கிறவர்கள். ஒரு வசனம் கேட்டால் நல்லாச் சொல்லுவார்கள். ஐந்து வசனத்தைச் சேர்த்தெழுதச் சொன்னால் பஸ் விபத்துத்தான். முதல் வசனம் அம்மாவைப் பற்றி இருக்கும், இரண்டாவது மழையைப் பற்றி, மூன்றாவது "ஆகவே" என்று தொடங்கும்.

இவர்களுக்கு மாஸ்டர் வைத்திருந்தது ஒரு கண்டிப்பான முறை. கொப்பியில் பெயர் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும்தான். முகம் பார்த்துப் புள்ளி போடுகிற பழக்கம் தன்னிடம் இல்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. ஒவ்வொரு பந்தியையும் மூன்றுதரம் எழுதவேண்டும். முதல் இரண்டு தரமும் சிவப்புப் பேனையால் திருத்துவார். மூன்றாவது தரம் தேறினால் "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். ஆட்களைச் சேர்ப்பது, இலக்கம் கொடுப்பது, கொப்பிகளை வாங்கி அவர் மேசையில் அடுக்குவது, இந்த வேலையெல்லாம் தங்கரத்தினத்தின் தலையில். அதில் அவர் தலையிடவே மாட்டார்.

அந்தக் கிழமை கொடுத்த தலைப்பு, "என் வீட்டில் மாறவேண்டிய ஒரு விஷயம்." திங்கள் பின்னேரம் அடுக்கைப் பிரித்தால் அடியில் பத்தொன்பதாம் இலக்கம் கிடந்தது.

"தங்கம், புதுசா ஆரும் சேர்ந்திருக்கினமோ?"

"ஓம். ஒரு பொம்பிளை. படிக்க நல்ல விருப்பம்."

திறந்து வாசித்தார். ஞாயிற்றுக்கிழமையில் கணவன் சமைக்க வேண்டுமாம். மனைவி களைத்துப்போகிறாளாம், அவளும் மனிசிதானாம், அப்படிச் செய்தால் நல்லதாம். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இஞ்ச பாரும், உம்மட கட்சியில இன்னொருத்தி!"

"உண்மையோ? என்ன எழுதியிருக்கிறா?"

"ஒரே அழுகை. ஆதாரம் ஒரு சொட்டும் இல்லை."

"பாவம். வழி சொல்லிக் குடுங்கோவன்."

படிப்பிக்கக் கேட்டால் மாஸ்டர் மறுப்பாரா? சிவப்புப் பேனையைத் திறந்தார். "புலம்பாதே, எண்ணிக் காட்டு! கிழமையில் எத்தனை மணித்தியாலம் அடுப்படியில் நிற்கிறாய்? கணவனுக்கு எத்தனை நாள் ஓய்வு? உனக்கு எத்தனை?" என்று ஓரமெல்லாம் நிரப்பினார்.

அடுத்த கிழமை கொப்பி திரும்பி வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்ணியிருந்தாள். கிழமைக்கு முப்பத்தைந்து மணித்தியாலம். கணவனுக்கு ஓய்வு ஒருநாள், மனைவிக்கு ஒன்றுமில்லை. அந்த ஒருநாளும் ஐயா தூண்டில் போடப் போய்விடுகிறாராம்.

"அடே, இவளின்ர மனுசனும் மீன் பிடிக்கிறவனாம்!"

"திருகோணமலையில ஆர்தான் தூண்டில் போடேல்லை?" என்றாள் தங்கரத்தினம் தேங்காய் துருவியபடி.

அதுவும் சரிதானே. மாஸ்டர் உசாராகிவிட்டார். அடுத்தவன் வீட்டு ஞாயிறை அள்ளிக் கொடுப்பதில் அவரைப்போல வள்ளல் கிடையாது. "கணவன் 'எனக்குச் சமைக்கத் தெரியாது' என்பான். அதற்கு முதலே பதில் எழுதிவை! மீன் பிடிக்கப் பழகினவனுக்குச் சோறு வடிக்கப் பழக ஏலாதா?" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். அதுவும் போதாமல், "குடும்பம் என்பது ஒருவர் இளைப்பாற மற்றவர் உழைக்கிற இடம் அல்ல" என்று முடிவு வசனத்தையும் தானே எழுதிக் கொடுத்தார்.

"அப்ப அந்த மனுசன் சமைக்கத்தான் வேணும் எண்டுறியளோ?" தங்கரத்தினம் துருவுபலகையில் இருந்தபடியே கேட்டாள்.

"வேற வழி? இதுக்குப் பிறகும் மாட்டன் எண்டா அவன் மனுசனே இல்லை."

மூன்றாம் கிழமை பந்தி தேறி வந்தது. மாஸ்டர் இரண்டுதரம் வாசித்தார். குறை ஒன்றுமில்லை. "மிகச் சிறந்தது. அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதி, வால் நீட்டிய கையெழுத்தொன்றும் வைத்தார்.

சனிக்கிழமை வகுப்பில் அதை உரத்து வாசித்துக் காட்டினார். அவருடைய குரல் துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஒன்பது வருஷத்தில இப்பிடி ஒரு பந்தி என்ர கைக்கு வரேல்லை. பத்தொன்பதாம் இலக்கம், எழும்புங்கோ!"

ஒருவரும் எழும்பவில்லை. பதினெட்டுப் பேரும் ஆளையாள் பார்த்தார்கள். குசினிக் கதவு திறந்தது. ஈரக்கையைத் துவாயில் துடைத்தபடி தங்கரத்தினம் வந்து நின்றாள்.

"நான்தான் சேர்."

மாஸ்டர் கொப்பியையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். "நீர்... உமக்கு ஆர் படிப்பிச்சது?"

"நீங்கள்தான். ஒன்பது வருஷமா இதே பாடத்தைச் சுவருக்கு அங்கால இருந்து கேக்கிறன். குறை பிடிக்க ஏலாத பந்தி எழுதினா அடுத்த ஞாயிறே சமைக்கிறன் எண்டு சத்தியம் செய்தனீங்கள், நினைவிருக்கோ?"

வகுப்பு "ஓ" என்று எழும்பியது. மாஸ்டர் கொப்பியைத் திரும்ப விரித்தார், கண்ணாடியைப் போட்டார். "பொறுங்கோ. அந்த மூண்டாவது ஆதாரம் பலவீனம். சமையல் பழகலாம் எண்டு சும்மா சொன்னாக் காணுமோ?"

உம்மு குல்சும் எட்டிப் பார்த்தாள். "சேர், அது முந்தின பக்கத்தில நீங்க சிவப்பில எழுதிக் குடுத்ததெல்லோ?"

"முடிவு வசனமும் கொஞ்சம்..."

"அதுவும் சேரின்ர எழுத்துத்தான்," என்றார் ஜவாஹிர்.

மாஸ்டர் கதிரையில் இருந்தார். இருந்தாலும் அவர் இலேசில் விழுகிற ஆளா? மனதுக்குள் உடனே ஒரு திட்டம் ஓடியது. சமைப்போம். உப்பை அள்ளிப் போடுவோம், சோற்றைக் குழைப்போம், பருப்பைக் கருக்குவோம். ஒரு ஞாயிறு தின்றால் பிறகு ஏழேழு ஜென்மத்துக்கும் கேட்கமாட்டாள். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

தங்கரத்தினம் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் வாசித்து வருகிற முகம் அது.

"எல்லாரும் நாளைக்கு மத்தியானம் இஞ்ச சாப்பிட வாங்கோ," என்றாள். "சேர்தான் சமையல்."

கைதட்டல் கூரைக்குப் போயிற்று.

மானப் பிரச்சினை! பதினெட்டு மாணவர்களுக்கு முன்னால் கருகின பருப்பை வைக்க ஏலுமா? அடுத்த நாள் மாஸ்டர் விடிய ஐந்து மணிக்கே எழும்பினார். போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டுத் தேங்காய் துருவினார், பால் பிழிந்தார், கையைச் சுட்டார், கடவுளைக் கூப்பிட்டார். சிவரூபன் கரையில் பிடித்த பாரைமீனை, என்ன இருந்தாலும் கூட்டாளி என்று, வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்படியே சாப்பிடவும் இருந்துவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, மீன்குழம்பு அபாரமாக வந்திருந்தது. ஜவாஹிர் மூன்றாந்தரம் சோறு போட்டார். உம்மு குல்சும் மூதூருக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் கேட்டாள். தங்கரத்தினம் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

புகழ்ச்சியில் மாஸ்டரின் மனம் குளிர்ந்துபோயிற்று. ஆட்கள் போனபிறகு கோப்பை கழுவியபடி சிவரூபனின் காதுக்குள் சொன்னார். "ஞாயிறு போனாப் போகட்டுமடா. புதன்கிழமை பௌர்ணமி, போயா லீவுதானே, விடியவே வெளிக்கிடுவம்."

பின்னால் தங்கரத்தினம் போனை வைத்துவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட குழம்பைப் பற்றி அக்காவுக்குச் சொன்னனான். போயாவுக்குத் தம்பலகாமத்தில இருந்து குடும்பமா வருகினம், பதினொரு பேர்."