ஒன்பது பெட்டிசங்களை வாபஸ் வாங்கும் விடயமாக

சிவமயம்

தேற்றாத்தீவு,
14.08.2010

அன்புக்கும் பெருமைக்கும் உரிய மருமகன் விஜிதரனுக்கு,

கடல் கடந்து கொதிவெயிலில் நின்று உழைக்கும் உனக்கு நம்மூர்ப் பிள்ளையார் குடையாக இருப்பாராக. இங்கே மருமகள் தனுஷாவும் குழந்தையும் சுகம். குழந்தைக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. அகப்பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கிறான். நானும் சுகம். மாமியும் சுகம். நாலு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு வருத்தம் இல்லை. அதற்குக் காரணம் கடிதத்தின் நடுவில் வரும்.

போன மாதம் நீ தொலைபேசியில் சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க, முதலில் அதைத் திரும்ப எழுதுகிறேன். முப்பத்தாறு வருடம் படிப்பித்தவனுக்கு இது விடாத பழக்கம். நீ வேலை செய்யும் நாட்டில், வெளியிலிருந்து வந்த பொறியியலாளர் எவரும் அங்குள்ள பொறியியல் சபையின் ஏட்டில் பதிந்தால்தான் வரைபடத்தில் கையெழுத்து வைக்கலாம். பதியாவிட்டால் கம்பனி உன்னை விசாவில் போர்மன், அதாவது வேலையாள் மேற்பார்வைக்காரன், என்று மாற்றி எழுதும். போர்மனுக்குக் குடும்பத்தைக் கூப்பிட அனுமதி இல்லை. அப்படியானால் தனுஷாவும் குழந்தையும் இங்கே, நீ அங்கே. இதில் சபையைக் குறை சொல்ல முடியாது. ஊரில் நல்ல பெயர் எடுத்த வைத்தியர் என்றாலும் வேறு ஊருக்குப் போனால் முதல் நாள் நாலு பேர் விசாரிக்கத்தானே செய்வார்கள்? சபையும் விசாரித்தது. சுனாமிக்குப் பிறகு இங்கே வீடு கட்டித் தந்த, நீ அப்போது வேலை பார்த்த வெளிநாட்டு நிறுவனத்திடம் உன்னைப் பற்றிக் கேட்டது. அவர்கள் பழைய கோப்பைத் தூசி தட்டி அனுப்பினார்கள். அதற்குள் உன்மேல் ஒன்பது முறைப்பாடுகள், நம்மூர்ப் பேச்சில் பெட்டிசங்கள், இருந்தன. நீயோ விண்ணப்பத்தில், "உங்கள்மீது எப்போதாவது முறைப்பாடு வந்ததுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதியிருக்கிறாய், உனக்கு உண்மையில் தெரியாது என்பதால். இப்போது பொய் சொன்னாய் என்ற சந்தேகம் வந்து, இந்த மாத முடிவுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

நீ அன்று சொன்ன சொற்கள் இன்னும் என் காதில் நிற்கின்றன. "மாமா, ஒம்பது பேரும் நம்மட ஊராக்கள்தான். பேர் லிஸ்ற் வந்திரிக்கி. மாமியும் எழுதியிரிக்கா. எனக்குக் கோவம் ஒண்டும் இல்ல மாமா. நீங்க ஒருக்காப் போய் அவங்களிட்ட வாபஸ் கடிதம் வாங்கித் தருவீங்களா? நீங்க கேட்டா இல்லையெண்ட மாட்டாங்க." நான் "ஓம் மனே" என்று மட்டும் சொன்னேன். வேறு எது சொல்லியிருந்தாலும் அது பொய்யாகியிருக்கும்.

விஜிதரன், நின்றுகொண்டிருந்தால் எங்காவது உட்கார். அந்த ஒன்பதையும் எழுதியவன் நான்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஐப்பசி மாதம் உனக்கு நினைவிருக்கும். பத்து மாதம் தகரக் கொட்டிலில் வெந்து கிடந்தோம். ஒருவழியாக எங்கள் வரிசையில் ஒன்பது வீட்டுக்கும் தூண் எழும்பியது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு நிலை வைக்க நாள் பார்த்து, மாமி மாவிலையும் மஞ்சளும் வாங்கி வைத்திருந்தாள். வியாழக்கிழமை பின்னேரம் நீ மோட்டார் சைக்கிளில் வந்தாய். தூணடியில் மிஞ்சிக் கிடந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாய். துப்பினாய். கட்டட வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரரைப் பார்த்து, "இது ஆத்து மண் இல்ல, கடக்கரை மண். உப்பு. கம்பி கறள் புடிக்கும், தூண் வெடிக்கும்" என்றாய். அவர், ஆற்று மணல் லொறி சோதனைச் சாவடியில் நிற்கிறது, மழை வருமுன் முடிக்க வேண்டாமா என்று கெஞ்சினார். நீ கேட்கவில்லை. முப்பத்தாறு தூணையும் உடைக்கச் சொன்னாய். எங்கள் வீட்டுத் தூணில்தான் முதல் அடி. சொந்தத் தாய்மாமன் வீட்டில் தொடங்கினால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று நீ கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் மாமனை மட்டும் நீ சேர்க்க மறந்துவிட்டாய்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். வீடு மாமியின் பெயரில் இருந்ததால் பெட்டிசமும் மாமியின் பெயரில். ஊரில் யாருக்கு என்ன குறை என்றாலும் என்னிடம்தானே வருவார்கள்? விடிந்தால் மற்ற எட்டு வீட்டாரும் வாசலில். ஒருவருக்கு எழுதி ஒருவருக்கு மறுக்க முடியுமா? ஆனால் ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்று, கட்டுரைப் பாடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கருத்தும் தக்க உதாரணமும் வைத்தேன். ஒன்றில் நீ மூத்தோரை மதிக்காதவன். இன்னொன்றில் சுபநேரத்தைக் கெடுப்பவன். சீனித்தம்பியின் பெட்டிசத்தில் நீ சுத்தியலைக் கண்டால் தன்னை மறப்பவன். ஆச்சிப்பிள்ளையுடையதை எழுதும்போது கருத்துகள் தீர்ந்துபோயிருந்தன. ஆதலால், "இவர் திட்டத்துக்குரிய மணலைத் தின்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்" என்று எழுதினேன். உன் சபை கேட்டிருக்கும் நாலாவது கேள்வி, விண்ணப்பதாரருக்குக் கட்டடப் பொருட்களை உண்ணும் பழக்கம் இப்போதும் உண்டா, அதற்கு வைத்தியம் செய்யப்படுகிறதா என்பது, அந்த வசனத்திலிருந்து பிறந்ததுதான்.

சரி, எழுதியவனே அழிக்கட்டும் என்று வாபஸ் வாங்கப் புறப்பட்டேன். முதலில் சீனித்தம்பி. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"நான் எப்ப மாஸ்டர் எழுதின? எனக்கு என்ட பேரே எழுத வராதே."

"எழுதினது நான்தான் சீனித்தம்பி. நீ கைநாட்டு வைச்ச."

"அப்ப வாபஸையும் நீங்களே எழுதிக் கொண்டாங்க. விரல் இஞ்சதான் இரிக்கி, எங்கயும் போகல்ல."

ஆச்சிப்பிள்ளை இடியப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பொடியன் ஒடைக்கிறது நம்மட நல்லதுக்கு எண்டு நான் அப்பவே சொன்னன். நீங்கதான், 'ஆச்சிப்பிள்ள, இது பொது விசயம், விரல நீட்டு' எண்டீங்க. இப்ப திருப்பி நீட்டச் சொல்றீங்க. உங்கட பொது விசயம் என்ட விரல்லதானா மாஸ்டர் கிடக்கு?"

கடைசியாக மாமி. அவளுக்குத் தன் பெயரில் ஒரு பெட்டிசம் இருப்பதே இப்போதுதான் தெரியும். "நிவாரணக் கடுதாசி எண்டு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினீங்க? மருமகன்ட முகத்தில நான் இனி எப்பிடி முழிக்கிற?" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் ஒரு சொல் இல்லை.

எப்படியோ ஒன்பது வாபஸ் கடிதமும் தயாராகின. அவற்றை மொழிபெயர்ப்பிக்கக் காத்தான்குடியில் மர்சூக்கிடம் கொண்டுபோனேன். உனக்கு அவரைத் தெரியாது, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர், தங்கமான மனிதர். தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றினார். ஆறாவதில் சிரித்தார்.

"சேர், ஒம்பதுலயும் ரெண்டாவது பந்தியில 'எடுத்துக்காட்டாக' எண்டு வருதே. வலை பொத்துறவரும் இடியப்பம் அவிக்கிறவவும் ஒங்கட வகுப்பிலயா படிச்ச?"

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இத நான் மொழிபெயர்த்து சீல் குத்தலாம் சேர். ஆனா அங்க இரிக்கிறவன் மடையன் இல்ல. பழைய ஒம்பதையும் புதிய ஒம்பதையும் பக்கத்தில வைச்சானெண்டா, அந்த ஊர்ல மொத்தமா ஒரே ஒரு ஆள்தானா இரிக்கார் எண்டு கேப்பான். மறுகா மருமகனுக்குத்தான் கரைச்சல். உண்மைய எழுதுங்க. ஒண்டு போதும்."

நான் எத்தனையோ மாணவருக்குச் சொன்ன சொல்லை அன்று எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பதையும் அங்கேயே கிழித்துவிட்டு, சத்தியக் கடதாசி ஒன்று எழுதி, வியாழக்கிழமை சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தேன். அதன் சாரத்தை உனக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உனக்கு எழுதியதுதான்.

ஒன்பதையும் எழுதியது நானே, விண்ணப்பதாரருக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது என்று முதலில் எழுதினேன். அவர் மணல் தின்பவர் அல்லர். நாக்கில் வைத்துத் துப்பினார். துப்பியதை என் பெட்டிசத்தில் நான் விட்டுவிட்டேன் என்று எழுதினேன். எங்களுக்குப் பின்வரிசையில் வேறு ஆட்கள் கட்டிய வீடுகளில் இன்று தூண் வெடித்துக் கறள் பிடித்த கம்பி வெளியே தெரிகிறது, எங்கள் தூணில் ஒரு மயிர்க்கோடு இல்லை என்று எழுதினேன். இரண்டாயிரத்து ஏழில் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து போரில் இடம்பெயர்ந்து வந்த பதினேழு பேர் மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். செல் வெடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்களுடைய பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது அந்தத் தூண்களைத்தான். அதையும் எழுதினேன். அது பொறியியல் சான்றாகுமா என்று தெரியவில்லை. மர்சூக் ஆகும் என்றார்.

ஒன்று மட்டும் அதில் எழுதவில்லை, உனக்கு எழுதுகிறேன். தூணைத் திரும்ப வார்த்த பிறகு, சீமெந்து வெடிக்காமல் இறுகுவதற்காக நீ ஏழு நாளும் வேலை முடிந்து வந்து, ஈரச் சாக்குச் சுற்றி, வாளியால் தண்ணீர் ஊற்றினாய். கூலி ஆட்கள் போனபின், ஒன்பது வீட்டுக்கும் தனியாக. நீ ஊற்றிக்கொண்டிருந்தாய், நான் கொட்டிலுக்குள் கடைசிப் பெட்டிசத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டு நீ உள்ளே வந்தபோது, மை காயாத தாளின்மேல் பத்திரிகையை இழுத்துப் போட்டேன். நீ தண்ணீர் குடித்துவிட்டு, "மாமாட கையெழுத்து வடிவெண்டு ஒபிசில எல்லாரும் சொல்றாங்க" என்றாய். ஒபிசில் என் எந்தக் கையெழுத்தைப் பார்த்தார்கள் என்று நீ ஒருபோதும் யோசிக்கவில்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் ஐந்து வருடம் போய்விட்டது. இரண்டையும் இப்போது கேட்டுக்கொள்.

என் பெட்டிசங்களை நம்பி உன்னை வேலையால் நிறுத்தாமல் கோப்பில் போட்டு மூடிய அந்த நிறுவனத்தாருக்கும் நன்றி. உன் சபைக்கு அதைவிடப் பெரிய நன்றி. ஆயிரம் நற்சான்றிதழ் எழுதியிருப்பேன். ஒருவரும் வாசித்ததில்லை, மடித்துக் கோப்பில் வைப்பார்கள். வாழ்நாளில் முதல்முறையாக, கடலுக்கு அப்பால் யாரோ நான் எழுதியதை வரிவரியாக வாசித்துக் கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு கவனமாக வாசிப்பவர்கள் ஒரு பொறியியலாளரையும் கவனமாகத்தான் எடைபோடுவார்கள். சத்தியக் கடதாசியைத் திங்கட்கிழமை மர்சூக் பதிவுத் தபாலில் அனுப்புவார். உன் பெயர் அந்த ஏட்டில் ஏறும், தனுஷாவும் குழந்தையும் உன்னிடம் வந்து சேர்வார்கள் என்று முழுதாக நம்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உச்சி வெயிலில் தலையை மூடிக்கொள். நீ நிற்கும் நிலமும் நீ எழுப்பும் கட்டடமும் உன்னைப்போலவே அசையாமல் நிற்க மாமியும் நானும் வாழ்த்துகிறோம். மாமியின் வாழ்த்தை அவளிடம் கேட்டு எழுதவில்லை. ஆனால் இம்முறை அவள் மறுக்கமாட்டாள்.

உன்னை என்றும் மறவாத
மாமா,
நல்லரத்தினம்

பிற்குறிப்பு (16.08.2010): சனிக்கிழமை இதை மடித்து வைத்தேன், ஒட்டவில்லை. ஞாயிறு காலை, சத்தியக் கடதாசி பற்றிக் கேள்விப்பட்டுப் பின்வரிசை வீட்டார் எல்லோரும் சீனித்தம்பியை முன்னே விட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். "மாஸ்டர், எங்கட தூணெல்லாம் வெடிச்சுப் போச்சு. மண்ண நாக்கில வைச்சுச் சொல்ற ஒரே ஒரு ஆள நீங்க இவ்வளவு புகழ்ந்து எழுதினா, அந்த நாட்டுக்காரன் விடுவானா? நாங்க ஆரிட்டப் போற?" என்றார்கள். நான் மறுத்தேன், மனே. உண்மையில் மறுத்தேன். அப்போதுதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனுஷா வந்தாள். "மாமா, அவர அங்க பதிஞ்சா நானும் புள்ளையும் அங்க போகோணும். சண்டையும் முடிஞ்சிற்று, இஞ்சதான் இப்ப வேலை கிடக்கு. வாங்க எண்டு ஆரும் கூப்பிட்டா அவர் வந்திருவார், எனக்குத் தெரியும். கூப்பிடத்தான் ஒருத்தரும் இல்ல. எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். மேற்படி பொறியியலாளரைத் தங்கள் ஏட்டில் பதிவதற்கு முன் எங்களுக்குத் திருப்பித் தரும்படி, இருபத்துமூன்று குடும்பத்தார் சபைக்குப் போட்ட பெட்டிசம் அது. மர்சூக் வாசித்துவிட்டு, "இது முறைப்பாடா, நற்சான்றிதழா சேர்?" என்று கேட்டார். எனக்கும் பிடிபடவில்லை. அவர் சீல் குத்திவிட்டார். இன்று காலை பத்தரைக்கு அதுவும் சத்தியக் கடதாசியும் ஒரே உறையில் போய்விட்டன. முதற் கையெழுத்து தனுஷாவுடையது. உனக்குத் தனியாக ஏதும் எழுதுகிறாயா என்று கேட்டேன். அந்தக் கையெழுத்தே போதுமாம்.