சுல்தான் வாய் திறந்தது

"இன்னைக்கும் தொடலையா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் ஜெசிந்தா.

"மோந்துகூடப் பாக்கல" என்றார் சூசைமாணிக்கம், கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டபடி.

தொட்டிக்குள் சுல்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு அடி நீள ஆஸ்கர் மீன். கூட விட்ட மீன்களையெல்லாம் விழுங்கிவிட்டுத் தனியாக ராஜ்ஜியம் நடத்தும் வேட்டை மீன். திண்டுக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த சூசைமாணிக்கத்துக்கு, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து அதற்கு இறால் போடுவதுதான் வாழ்க்கையின் ஒரே கேளிக்கை.

அந்த இறாலைத்தான் சுல்தான் ஒரு வாரமாகச் சீந்தவில்லை. வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. பட்டினியில் வீங்குகிறது என்று அவர் நடுங்கிப்போனார்.

'மலைக் குளிரு ஒத்துக்கல' என்று தொட்டி ஹீட்டரை முழுசாகத் திருகினார். ஃபியூஸ் போனது. பாதி அரைத்த இட்லி மாவோடு ஜெசிந்தா இருட்டில் நின்றாள்.

'உயிருள்ள இரை வேணும்' என்று புளியஞ்சோலை ஓடைவரை போய் வாளியில் குஞ்சு மீன்கள் பிடித்து வந்தார். சுல்தான் ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பியது. தொட்டி நாறியது. அப்புறம் வீடே நாறியது.

தண்ணீர் மாற்றலாமென்று மூடியைத் திறந்தார். சுல்தான் ஒரே துள்ளாகத் துள்ளி, அந்தப் பக்கமாக ஜெசிந்தா தூக்கிக்கொண்டு போன மாவுக் குண்டானுக்குள் தொப்பென்று விழுந்தது.

"இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தப் பிசாசு இருக்கணும்!"

"ஜெசி, சீக்காளி ஜீவன எங்க கொண்டுபோய் விடறது?"

"அப்ப நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்!"

போயே விட்டாள்.

சூசைமாணிக்கம் அசரவில்லை. அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். ஆபீஸ் விட்டு வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்து, தன் கஷ்டங்களையெல்லாம் சுல்தானிடம் சொல்லிப் புலம்பினார். கடைசியில் ஒரு சாயங்காலம், நம்பிக்கையே இல்லாமல் ஒரு இறாலை விரலில் பிடித்து நீட்டினார்.

லபக்!

இன்னொன்று. லபக்! பாத்திரம் காலியாகும்வரை லபக், லபக்!

சூசைமாணிக்கம் வாசலில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தார். உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"ஜெசி! சாப்பிட்டுட்டான்! என் கையால! ஜெயிச்சுட்டேன்டி!"

மறுமுனையில் ஒரு விசும்பல் கேட்டது. "நெசமாவா? காலைல மொத பஸ்ஸுல வந்துடறேங்க."

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மீன் மட்டுமா, மனைவியும் அல்லவா வழிக்கு வந்துவிட்டாள்!

கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தாள் வீட்டுச் சொந்தக்காரி பெருமாயி.

"பாத்தீங்களா பெருமாயி? எல்லாம் என் பொறுமைக்குக் கெடச்ச பலன்!"

"பசிக்காதுங்களா பின்ன? நீங்க ஆபீசு போனதும், நாந் தோண்டிக் குடுக்கற மண்புழுவ 'எங் கண்ணு, தின்னுடா'ன்னு தெனமும் வவுறு முட்ட ஊட்டுன உங்க வீட்டம்மாதான் ஊருக்குப் போயிட்டாங்களே!"